டிட்வெல் அமைதிக் கம்பெனி

மனிதன் இதுவரை உண்டாக்கியவற்றில் மிக உயர்ந்தது கம்பெனி, மிகக் கேவலமானது டிரஸ்ட் என்று ராய்ஸ் டிட்வெல் ஓர் அக்டோபர் காலையில், முட்டைக்கும் காப்பிக்கும் நடுவே, தீர்ப்புச் சொன்னார். கிழக்கு டெக்சஸில் மாட்டுச் சந்தை ஏலக்காரர் அவர். சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து நீட்டிவிடுவார், அப்படிப்பட்ட குரல். ஆகவே தீர்ப்பை எதிரே பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவி நதீன் மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் நின்ற மாடுகளும் கேட்டன.

"டிரஸ்ட்டுங்கிறது சாகப்போறவன் வைக்கிறது, நதீன். அதுல பொருள் உன் கையில இருக்கும், ஆனா உன்னுது இல்ல. வேற எவனுக்கோ நீ காவக்காரன். நான் எவனுக்கும் வாட்ச்மேன் வேல பாக்கமாட்டேன்."

"சரி, ராய்ஸ்" என்றாள் நதீன். ஒரு பட்டாணி உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டாள்.

ராய்ஸுக்கு வேண்டியதெல்லாம் ஒரு சைலன்சர். துப்பாக்கிக் குழாயின் முனையில் திருகுவது, வெடிச் சத்தத்தை அடக்குவது. அவருடைய புல்வெளியைக் காட்டுப்பன்றிகள் டிராக்டர் விட்டு உழுததுபோல் உழுதுகொண்டிருந்தன. அவரும் வாலிபம் தொட்டு அவற்றைச் சுட்டுக்கொண்டிருந்தார், காதில் எதையும் வைத்துக்கொள்ளாமல். காதை மூடினால் பன்றி வருவது எப்படித் தெரியும் என்பது அவர் கேள்வி. போன வாரம் காது டாக்டர் அதற்குப் பதில் சொன்னார். இடது காது போயே போய்விட்டது. வலது காது மிச்சமிருக்கிறது. இன்னும் ஒரு பருவம் இதேபோல் வெடித்தால் அதுவும் இடதைத் தேடிப் போய்விடும்.

ஏலக்காரனுக்குத் தொண்டைதான் மூலதனம் என்று ஊர் நினைக்கிறது. தொண்டை வெறும் அலங்காரம். கொட்டகை நிறைய மாடுகளும் மனிதர்களும் கத்திக்கொண்டிருக்கையில், மூலையில் ஒருவன் வாய்க்குள்ளேயே 'ம்' என்பான். அந்த 'ம்'மைப் பிடிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் ஏலக்காரன் வெறுமனே வேகமாகப் பேசுகிற ஒரு மனிதன்.

சைலன்சர் வாங்க வாஷிங்டனுக்கு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும்; அதற்குத் துப்பாக்கிக் கடை ஹாய்ட் மூன்று வழிகளைச் சொன்னான். சைலன்சரைச் சொந்தப் பெயரில் வாங்கலாம். அப்புறம் ராய்ஸைத் தவிர வேறு யார் கையிலும் அது அகப்படக்கூடாது. அவர் வீட்டில் இல்லாதபோது துப்பாக்கிப் பெட்டகத்தைத் திறக்கத் தெரிந்தவர் யாராவது வீட்டில் இருந்தாலே வம்பு. இங்கேதான் இடித்தது. பெட்டகத்தின் எண் அவர்களுடைய கல்யாண நாள். ஆகவே அது நதீனுக்கு மட்டும்தான் தெரியும்.

மற்ற இரண்டு வழிகள், டிரஸ்ட் அல்லது கம்பெனி. எதுவானாலும் அதற்குள் நதீனையும் சேர்த்துக்கொண்டால் அவளும் தொடலாம். டிரஸ்ட் என்றால் வீட்டோடு முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது, அதுதான் சுலபம் என்றான் ஹாய்ட். யாருக்கும் தெரியாது என்ற சொல் ராய்ஸுக்குப் பிடிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்வதற்கு அதைச் செய்யாமலே இருக்கலாம் என்பது அவர் கட்சி.

இவ்வாறு 'டிட்வெல் அமைதிக் கம்பெனி' பிறந்தது. ராய்ஸ் தலைவர். நதீன் செயலாளர். தலைவருக்கு மட்டும் கம்பெனி பெயர் பொறித்த தொப்பி.

கம்பெனிப் பதிவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். பார்த்தார்கள். கார்டு தேய்க்கும் மெஷின் விற்பவர்கள் கூப்பிட்டார்கள். கம்பெனிக்குக் கடன் தருகிறோம் என்று மன்றாடினார்கள். அமைதி என்ற பெயரை நம்பி ஒரு தேவாலயத்தார், எதிர்ச்சாரித் தேவாலயத்தின் டிரம்ஸுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ராய்ஸ் தலைவர் என்ற முறையில் பதில் சொன்னார்.

சந்தை நாளில், ஒரு பிரமாதமான காளை ஏலத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. பழக்க தோஷத்தில் நல்ல காதில் வைத்துவிட்டார். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு அம்மாள். புருஷன் குறட்டை விடுகிறார், அமைதிக் கம்பெனி வீட்டுக்கு வந்து பார்க்குமா என்று கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் மூலையில் ஒருவன் 'ம்' என்றான். காளை குறைந்த விலைக்கு வேறொருவனுக்குப் போய்விட்டது.

சந்தை முதலாளியம்மா அன்று சாயங்காலம் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, மிக மெதுவாக, காது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ராய்ஸ் திரும்பவில்லை. அவள் முன்பக்கம் வந்து நின்றாள்.

"என் தங்கச்சி மகன் மிசௌரியில ஏலம் விடப் படிச்சிட்டு வந்திருக்கான், ராய்ஸ். நல்ல பையன். நான் அவசரப்படல. அடுத்த வருஷ இலையுதிர் காலத்துப் பெரிய சந்தைக்கு முன்னால டாக்டர்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வந்துடு. காது போன வருஷம் மாதிரியே இருக்குன்னு சொன்னாப் போதும்."

அன்றிலிருந்து ராய்ஸ் துப்பாக்கியைத் தொடவில்லை. சைலன்சர் வரட்டும் என்று காத்திருந்தார். பன்றிகள் காத்திருக்கவில்லை, டிசம்பர் முழுவதும் உழுதன.

ஃபோன் தொல்லைக்கு ராய்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பெனியின் முகவரியையும் ஃபோன் எண்ணையும் நதீனின் தம்பி கிளீட்டின் வீட்டுக்கு மாற்றினார். கிளீட் செங்கல் அடுக்குகிறவன். யார் எவ்வளவு நேரம் பேசினாலும் பதில் சொல்லாமல் இருக்கிற வரம் பெற்றவன். ஆனால் இலவசமாகச் செய்யமாட்டேன் என்றான்.

"மச்சான், உங்க கம்பெனிய என் வீட்டுல குடி வைக்கிறீங்க. எனக்கு ஒரு பதவி வேணாமா?"

"என்ன பதவிடா வேணும்?"

"துணைத் தலைவர். அப்புறம் அதே மாதிரி ஒரு தொப்பி."

தொப்பி கொடுக்கப்பட்டது. பதவியும் கொடுக்கப்பட்டதால் விண்ணப்பத்தைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. கம்பெனியில் பொறுப்பிலிருக்கும் ஒவ்வொருவரும் வாஷிங்டனுக்குக் கைரேகை அனுப்பியாக வேண்டும். ராய்ஸின் ரேகை சுமாராக விழுந்தது. நதீனின் ரேகை பார்க்கவே அழகாக விழுந்தது. கிளீட்டின் ரேகை விழவே இல்லை. இத்தனை வருஷச் சிமெண்டு அவன் விரல்களைக் கூழாங்கல்லாக்கி வைத்திருந்தது. அட்டையில் பத்துக் கரிய முட்டைகள் தெரிந்தன. வாஷிங்டன் திருப்பி அனுப்பியது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி முட்டைகள். டெக்சஸிலேயே நிம்மதியாகக் கொலை செய்யத் தகுதியான ஒரே மனிதன் கிளீட்தான் என்றான் ஹாய்ட். கிளீட் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

அவனைக் கையுறை போட்டு, களிம்பு தடவி, வேலைக்கு அனுப்பாமல் உட்கார வைத்தார்கள். கூலியை ராய்ஸ் தந்தார். ரேகை முளைப்பதற்குள் வசந்தம் வந்துவிட்டது.

இதற்கிடையில் ஓர் அதிசயம் நடந்தது. பன்றிகள் குறைந்தன. ஜனவரியில் புல்வெளியின் தெற்கு மூலையில் புதிய குழிகளைக் காணோம். மார்ச்சில் வடக்கு மூலையும் ஆறியது. ஏப்ரலில் சைலன்சர் ஒருவழியாக அனுமதி பெற்று வீடு வந்து சேர்ந்தபோது, அதை மாட்டிச் சுடுவதற்கு ஒரு பன்றிகூட இல்லை. ராய்ஸ் பல சாயங்காலங்கள் தொப்பியோடு புல்வெளியில் உட்கார்ந்து பார்த்தார். முயல்கள் வந்தன.

இந்த அதிசயத்துக்கு அவர் சந்தையில் ஒரு விளக்கம் சொன்னார். எதிரியிடம் ஏற்பாடு பலமாக இருக்கிறது என்பது மிருகத்துக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும். தனி மனிதனைப் பன்றி மதிக்காது. கம்பெனி என்றால் யோசிக்கும். கேட்டுக்கொண்டிருந்த இரண்டு விவசாயிகள் தாங்களும் கம்பெனி தொடங்கலாமா என்று ஆலோசனை கேட்டார்கள். ராய்ஸ் கொடுத்தார்.

செப்டம்பரில் காது டாக்டரைப் பார்த்தார். வலது காது போன வருஷம் இருந்தபடியே இருக்கிறது, ஒரு மயிரிழை கெடவில்லை. என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். கம்பெனி ஆரம்பித்தேன் என்றார் ராய்ஸ். டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. சான்றிதழ் கிடைத்தது. முதலாளியம்மா அதைப் படித்துவிட்டு, தங்கை மகனை ஆட்டுச் சந்தைக்கு அனுப்பினாள்.

வெற்றியைக் கொண்டாட ராய்ஸ் கம்பெனி பேரில் இரண்டாவது சைலன்சர் வாங்கப் போனார். ஹாய்ட் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான். பிறகு தன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"அண்ணே, உங்க கம்பெனி செத்துப்போச்சு."

ராய்ஸும் தன் தொப்பியைக் கழற்றினார். அவர் வாழ்க்கையில் அது அபூர்வம். "எப்ப?" என்றார்.

"கோடையிலேயே. வருஷா வருஷம் நான் உசுரோட இருக்கேன்னு கம்பெனி மாநிலத்துக்கு எழுதிப் போடணும். போடல. கடுதாசி மேல கடுதாசி அனுப்பியிருக்காங்க."

கடிதங்கள் கிளீட்டின் வீட்டுக்குத்தான் போயிருந்தன. அரசாங்க உறையைப் பிரிப்பதில்லை என்பது கிளீட்டின் கொள்கை. இறைச்சி வாட்டும் அடுப்பைப் பற்றவைக்க அதைப்போல் நல்ல காகிதம் கிடையாது என்று அவன் பிற்பாடு விளக்கினான்.

ஹாய்ட் குரலைத் தாழ்த்தினான். சைலன்சருக்குச் சொந்தக்காரர் இப்போது காலமாகிவிட்டார். வக்கீலைப் பார்க்கும்வரை ராய்ஸ் அதன் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம். கம்பெனியை எழுப்பி உட்கார வைக்கலாம். ஆனால் அடுத்த வருஷமும் எழுத வேண்டும், அதற்கடுத்த வருஷமும். எழுப்பின கையோடு எல்லாவற்றையும் ஒரு டிரஸ்ட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்றான். இலையுதிர் காலம் வந்துகொண்டிருந்தது. பன்றிகளுக்கும் இதுதான் பருவம். வெறும் துப்பாக்கியால் சுட்டால் காது போகும். காது போனால் தங்கை மகன் வருவான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ராய்ஸ் வண்டியைத் தீவனக் கடைக்குப் பின்னால் நிறுத்தினார். தொப்பியை வண்டியிலேயே விட்டார். வக்கீல் அலுவலகத்துக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. அதன் வழியாக நுழைந்தார். வரவேற்பு மேஜையில் டெஸ்ஸா என்ற பெண் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள்.

"ஒரு டிரஸ்ட் வேணும்மா" என்றார். அவர் வாயிலிருந்து வந்த மிகச் சிறிய சத்தம் அதுதான்.

டெஸ்ஸா மைப்பெட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். எல்லாம் தயாராக இருந்தது. "புதுசா எதுக்கு சார்? வீட்டுல இருக்கறதுலயே உங்களச் சேத்துடறோம். நதீன் அக்கா காலையில ஃபோன் பண்ணினாங்க. பின்வாசல் வழியா வருவீங்கன்னாங்க."

வீட்டில் டிரஸ்ட் எதுவும் கிடையாது என்று ராய்ஸ் பொறுமையாக விளக்கினார். டெஸ்ஸாவும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, அக்கா சொல்லச் சொன்னதை வரிசையாகச் சொன்னாள். போன வருஷம் ராய்ஸ் காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே நதீன் இங்கே வந்து டிரஸ்ட் வைத்துவிட்டாள். ஒரே ஆள், நல்ல கைரேகை; கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே சைலன்சர் வந்துவிட்டது. சலவை அறையில், சாவியுள்ள ஒரு தனிப் பெட்டியில் இருக்கிறது. விடியற்காலையில் ராய்ஸ் நல்ல காதைத் தலையணையில் அமுக்கிக்கொண்டு தூங்கும்போது நதீன் புல்வெளிக்குப் போவாள்.

"அவர் சுடக்கூடாதுன்னா பன்னி வரக்கூடாதுன்னாங்க" என்றாள் டெஸ்ஸா. "எங்க வீட்டு ஃப்ரீசர்ல அக்கா குடுக்கற பன்னி சாசேஜ் வைக்க எடமில்ல சார்."

ராய்ஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மைப்பெட்டியைப் பார்த்தார். வலது கட்டைவிரலை மையில் தொட்டு அட்டையில் உருட்டினார். அடுத்த விரலை உருட்டினார். தான் இதில் யார் என்று விசாரித்தார். சொந்தக்காரர் இல்லை, அக்காவுக்கு அடுத்தபடியாகப் பொருளைப் பார்த்துக்கொள்கிற ஆள் என்று தெரிந்தது. தலையாட்டிவிட்டு மூன்றாவது விரலை நீட்டினார்.

"அது சரிம்மா" என்றார், அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு வருஷமா அவ காவல் காத்தாளே, யாருக்காகன்னு எழுதியிருக்கா?"

டெஸ்ஸா சூயிங்கம்மை மெல்வதை நிறுத்தினாள்.

"மொத நாள்லேருந்தே உங்க ஒருத்தர் பேருதான் சார்."