உருண்டைத் தூசி மட்டும் அனுப்பியது பற்றி

என் பிரியத்துக்குரிய மச்சானுக்கு,

உன் அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அங்கே நீயும் உன் வீட்டாரும், முக்கியமாக உன் வீட்டில் தங்கிப் படிக்கும் என் மகளும் சௌக்கியமா என்று கேட்பதும் முறை, கேட்டுவிட்டேன். வாரம் தவறாமல் போன் பண்ணுகிறவள் என்னோடு பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது. உன் அக்கா கண்ணை மூடிய இந்த ஏழு மாதத்தில்கூட இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

அவள் உன்னிடம் என்ன சொன்னாளோ, நடந்ததை என் வாயாலும் கேள். காற்றில் கிளம்பி வரும் மண் தூசியில் வெளிச்சம் பட்டால் அது எந்தப் பக்கம் எவ்வளவு சிதறுகிறது என்று அளப்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்காக ஒரு மலை உச்சியில் முகத்தை மூடிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து, ஒரு புழுதிப் புயலில் பிடித்துவந்த தூசி அது. அந்தப் புயல் இனி திரும்பி வராது. மொத்தமும் ஒரு தேக்கரண்டிக்குக் காணாது. அளக்கும் கருவி பழுதானபோது அந்தத் தூசிப் புட்டியை இங்கே பத்திரமாக வைத்துவிட்டுப் போனாள். கருவி சரியானதும் போன் பண்ணினாள். "அப்பா, அந்தப் புட்டியை அப்படியே அனுப்பிடுங்கப்பா."

அப்படியே அனுப்பியிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே! பேரிங் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம், பேரிங்குக்குள் உருளும் இரும்புக் குண்டுகளைச் சோதித்தவன் நான். என் பெயரே அங்கே உருண்டையார். சாய்த்து வைத்த கண்ணாடியில் குண்டை விடுவோம்; நேராக ஓடி வந்தால் பாஸ், விலகினாலும் நின்றாலும் கழிவு. லென்ஸை வைத்து அவள் தூசியைப் பார்க்கிறேன், அடக் கடவுளே, ஒன்றுகூட உருப்படியாக இல்லை! ஒன்று தட்டை, ஒன்று உடைந்த செங்கல் மாதிரி, ஒன்று உடம்பெல்லாம் மூலை. இதை வைத்துக்கொண்டா பிள்ளை மூன்று வருஷமாகத் திண்டாடுகிறது என்று மனசு கேட்கவில்லை. அலமாரிக் கதவுக் கண்ணாடியைக் கழற்றிச் சாய்த்து, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பென்சிலால் தட்டித் தட்டி உருட்ட ஆரம்பித்தேன்; மூன்றாம் நாள் ஒரு தும்மல், பிரித்து வைத்த இரண்டு குவியலும் மறுபடி ஒன்றாகிவிட்டன; மாடிவீட்டுக்காரர் ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்து, முகத்தைக் கட்டிக்கொண்ட ஒரு கிழவன் கண்ணாடியைத் தட்டி "ஓடு ராஜா, ஓடு" என்று கெஞ்சுவதைக் கண்டு பயந்துபோய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்; டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், என்ன செய்கிறேன் என்று விசாரித்தார், கடைசியில் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து "சார், இது நேரா ஓடுது பாருங்க" என்று அரை மணி நேரம் போக்கிவிட்டுப் போனார். பதினோரு நாள், மச்சான். தேறியது ஒரு சிட்டிகை. 'சோதித்து அனுப்பப்பட்டது' என்று சீட்டு ஒட்டி அனுப்பினேன். கழிவை ஜன்னலைத் திறந்து ஊதிவிட்டேன்.

நாலாம் நாள் போன் வந்தது.

"அப்பா, புட்டியில என்ன பண்ணினீங்க?"

"சுத்தம் பண்ணேம்மா. எல்லாம் முதல் தரம்."



"உருண்டையா இருந்தா வெளிச்சம் எப்படிச் சிதறும்ங்கறதுக்குக் கணக்கு நூறு வருஷமா இருக்குப்பா. மண் தூசி உருண்டையா இல்லைங்கறதுதான் என் ஆராய்ச்சியே. கோணல்மாணலா இருக்கறதாலதான் வெளிச்சம் பக்கவாட்டுல அதிகமாப் போகுது, பின்பக்கம் கம்மியாத் திரும்புது. உருண்டைன்னு நெனச்சா, வானத்துலேர்ந்து பாக்கற கருவி காத்துல எவ்வளவு தூசின்னே தப்பாச் சொல்லும். நீங்க தூக்கிப் போட்டீங்களே, அதுதான்பா எனக்கு வேணும்!"

அப்புறம் அழுதாள். "அம்மா இருந்திருந்தா உங்களை அந்தப் புட்டியத் தொடவே விட்டிருக்கமாட்டாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதோடு சரி.

அவளுக்குக் கிடைத்த வெளிநாட்டு வேலையும் இதனால் தொங்கிக்கொண்டிருக்கிறதாம். ஆராய்ச்சியை முடித்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம், அடுத்த மாதம் கெடுவாம். நீ தாய்மாமன், நீ சொன்னால் கேட்பாள். அப்பா பாவம், உருண்டையைத் தவிர ஒன்றும் அறியாத மனுஷன், தெரியாமல் செய்துவிட்டார், ஒரு வார்த்தை பேசு என்று சொல்லு. சாப்பிடும்போது சொல்லித் தொலைக்காதே, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். என் மகள் இப்போது என் ஆசீர்வாதத்தை வாங்கமாட்டாள். அவள் பங்கை நீ வாங்கி வைத்திரு, கோபம் தணிந்ததும் கொடு.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்

பி.கு.: எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய், மச்சான். அவள் ஆராய்ச்சியை எனக்கு எப்போதோ விளக்கிச் சொல்லிவிட்டாள், முதல் தடவையே நன்றாகப் புரிந்தது. அவளுக்கு எது வேண்டும் என்று தெரிந்துதான் வேண்டாததை அனுப்பினேன். அளந்து முடித்தால் வெளிநாட்டுக்குப் போய்விடுவாளே என்று பயந்துவிட்டேன். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவது? கழிவு என்று சொன்னேனே, அதை ஊதவில்லை. பத்திரமாக மடித்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். முதலில் அனுப்பியதோடு கலந்தால் பழையபடி ஆகிவிடும். கெடுவுக்குள் அளந்து முடிக்கட்டும். போகட்டும். போவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் இங்கே வந்து, என்னை எதிரில் உட்காரவைத்து, வாய் வலிக்கிறவரைக்கும் திட்டிவிட்டுப் போகச் சொல்.