கூரை மேலே உற்பத்தி

நடுவட்டம்,
மார்கழிக் குளிர்.

மாப்பிள்ளை ஜெகதீசன் அவர்களுக்கு, மாமனார் சுப்பண்ணன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியார் தங்கமணியும் சுகம். கறுப்புக் கோழியும் சுகம், அது ஏன் என்பது கீழே வரும். கோயமுத்தூரில் நீங்களும் மகள் சுவாதியும் பேரன் ஆதித்யாவும் சுகமாக இருக்க மாரியாத்தா துணை நிற்கட்டும். உங்கள் மொபைலும் சுகமாக இருக்கட்டும், நீங்கள் அதிகம் பார்ப்பது அதன் முகத்தைத்தானே.

இதையெல்லாம் போன்லயே சொல்லியிருக்கலாம். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள "மாமா, மொபைல்ல உங்க சோலார் இன்னிக்கும் சைபர் யூனிட்டுதான் காட்டுது"ன்னு கத்திட்டு கட் பண்ணிடறீங்க. கடிதாசியைக் கட் பண்ண முடியாது பாருங்க.

ஞாயித்துக்கிழமை ஆளோட வந்து சோலார் பலகையை எல்லாம் கழட்டி, உங்க ஊட்டு மொட்டைமாடியில மாட்டப்போறதா சொன்னீங்க. அதைக் கேட்டதுல இருந்து தங்கமணிக்கு சோறு எறங்கல. தீபாவளிக்கு நீங்க மாட்டிவிட்டுப் போனப்புறம் அவ ஹீட்டர் முன்னாடி காலை நீட்டி உக்காந்து, "இது எம்பட மருமகன் கரண்டு"ன்னு தெருவுல போறவங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினவ. நீங்க சைபர்னு சொன்ன அன்னிக்கே, கரண்டு பில்லு ஏறும்னு ஹீட்டரை அணைச்சுட்டு, மறுபடியும் வெறகடுப்புப் பக்கம் போயிட்டா. முழங்கால் வலிக்குதுன்னு என்னையத் திட்டறா. அவ முழங்காலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு இத்தனை வருசமா எனக்குத் தெரியல.

கம்பெனியில இருந்து ரொனால்டுங்கற பையன் ரெண்டு தடவை வந்தான். நல்ல பையன், சர்ச்சுல பாடுவானாம். செவுத்துல இருக்கற இன்வெர்ட்டர் பொட்டியைத் தொறந்தான், மூடினான், லேப்டாப்பை மாட்டினான், "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணணும் தாத்தா"ன்னான். பண்ணினான். சைபர். அடுத்த தடவை பொட்டியையே மாத்தினான். அதுவும் சைபர். கூரை மேல ஏறிப் பாருடான்னேன். தகரத்துல உறைபனி, வழுக்கும்னான். அவன் சொன்னதும் நெசந்தான், அன்னிக்கு வாளித்தண்ணியே கண்ணாடியா நின்னுச்சு.

இதுக்கு நடுவுல கறுப்புக் கோழியைக் காணோம். பக்கத்து ஊட்டு ஆறுக்குட்டி கொழம்பு வெச்சுட்டான்னு எனக்குச் சந்தேகம். நேத்து ஊட்டுக்குப் பின்னாடி மேட்டுல ஏறித் தேடினேன். நான் அந்தப் பக்கம் போறதில்ல, தேயிலைக்கிட்டப் போனா தங்கமணி வேலை சொல்லுவா. மேட்டுல நின்னா நம்ம கூரை இடுப்பு உசரம்தான். பாத்தா, பலகை ஒண்ணுகூடக் கண்ணுக்குத் தெரியல. அத்தனையும் காஞ்ச பெரணித் தழை. அதுக்கு மேல கயிறு போட்டு அழகாக் கட்டியிருக்கு. தழைக்குள்ள கறுப்புக் கோழி அடை உக்காந்துட்டு என்னைய முறைக்குது.

தங்கமணியக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க, பனியில எளந்தேயிலை கருகாம இருக்க தழை போட்டு மூடறோமல்லோ? மருமகன் ஆசையா வாங்கிக் குடுத்தது, அது மட்டும் பனியில கருகோணுமா? ஆறுக்குட்டியைக் கூப்பிட்டு மூடச் சொன்னேன்."

"வெய்யில் பட்டாத்தான கரண்டு வரும்?"

"பனி போனதும் எடுக்கலாம்னு இருந்தேன். தேயிலைக்கும் மாசிலதான எடுக்கறோம்."

தேயிலை விசயத்துல அவ சொன்னது சரி. நீங்களும் அவளைத் திட்டாதீங்க. எம்மேல கம்பளி போத்தறதைவிட உங்க பொருளைக் கவனமாப் போத்தியிருக்கா. அதோட, நீங்க டெய்லி உற்பத்தி எவ்வளவுன்னு கேக்கறீங்களே, எண்ணிப் பாத்தேன், ஒம்பது முட்டை. உங்க மொபைல்ல அதுக்கு எடம் இல்லையாட்ட இருக்கு.

இன்னிக்குக் காலையில ரொனால்டு மூணாந்தடவை வந்தான். ரெண்டு பேருமா தழையை எடுத்துட்டோம். கோழியை முட்டையோட கூடைக்கு மாத்தியாச்சு. பொட்டியில பச்சை லைட்டு எரியுது, ஹீட்டர் ஓடுது, தங்கமணி காலை நீட்டிட்டா. அதனால நீங்க ஞாயித்துக்கிழமை வரவேண்டாம். பலகை இங்கயே இருக்கட்டும். ரொனால்டு கோயமுத்தூர் எறங்கறான், கடிதாசியை அவன் கையில குடுத்தனுப்பறேன்.

உங்கள் வீட்டில் விளக்கும் விசிறியும் குறைவில்லாமல் ஓடட்டும். ஆதித்யாவுக்கு என் முத்தம், மீசை குத்தாமல்.

இப்படிக்கு,
சுப்பண்ணன்.

பின்குறிப்பு: மேலே எழுதினதைத் தங்கமணிக்குப் படிச்சுக் காட்டினேன். பலகை போகாதுன்னு சந்தோசப்பட்டா. கடைசியில "வரவேண்டாம்"னு வந்ததும், சுவாதியும் உங்ககூட வருவான்னு ஊற வெச்சிருந்த பயறை எடுத்துப் பாத்துட்டு உள்ள போயிட்டா. அதனால மாப்பிள்ளை, ரொனால்டும் நானும் தழையைத் திரும்பப் போட்டுக் கட்டிட்டோம். கோழியும் பழைய எடத்துக்கே போயிருச்சு. நாளைக்கும் உங்க மொபைல்ல சைபர்தான். அதே கோவத்தோட சுவாதியையும் பையனையும் கூட்டிட்டு ஞாயித்துக்கிழமை கெளம்பி வாங்க, நீங்களே ஏறித் தழையை எடுத்து அவளுக்கு ஹீட்டரை ஓட்டிவிடுங்க. ஸ்பேனர் மட்டும் அங்கயே இருக்கட்டும்.