உபயம்: ஒன்னவர் தொரை

திருவண்ணாமலைக்கு வருகிற வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மீதிப் பேர் செங்கம் ரோட்டுக் காபிக் கடைகளில் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நம்மிடமே வந்து கையேந்திய வெள்ளைக்காரர், நான் பார்த்தவரையில் ஒரே ஒருவர்தான்.

அவர் கேட்டது காசு இல்லை. அதைக் கேட்டிருந்தால்கூட இல்லையென்று சொல்லி அனுப்பியிருப்போம். ஆட்டோ ஸ்டாண்டில் என் வண்டிக்கு முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஆறடிக்கு மேல் இருந்த உடம்பை மடித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வணக்கம் தம்பி. வாரத்துக்கு ஒன் அவர் குடுங்க."

"எங்க போவணும் சார்?"

"போவ வேணாம். உங்க ஊர் ஸ்கூலுக்கு ஒன் அவர் வேலை செய்யுங்க."

"சவாரியா?"

"சவாரி இல்லீங்க. சும்மா."

பக்கத்து வண்டி குமார் என்னைப் பார்த்தான். "இன்னாடா, வெயில்ல ரொம்ப சுத்திட்டாரா?"

டென்மார்க்கிலோ எங்கேயோ லிஃப்ட் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவராம். அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே இருக்கிற எங்கள் ஊருக்குத் தினமும் சைக்கிளில் வந்துவிடுவார். பெல்ட் போட்டுக் கட்டிய வேட்டி, தலையில் ஈரத் துண்டு. அவர் பேர் எங்கள் வாயில் நுழையவில்லை. ஒன்னவர் தொரை என்று வைத்துவிட்டோம். தமிழை லாட்ஜ் மேனேஜர் ஒருவரிடம் கற்றுக்கொண்டதால், மரியாதை இல்லாமல் அவருக்குப் பேசவே வராது. தெருநாய் குரைத்தால், "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்பார். நாயும் தள்ளிக்கொள்ளும். அதுவரை அதை யார் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எங்கள் பள்ளிக்கூடம் எட்டாவது வரைக்கும். எனக்கும் அதற்கும் ஏழாவதிலேயே ஒத்துப்போகவில்லை. அங்கே பெண் பிள்ளைகளுக்கு இருந்த கக்கூஸுக்குக் கதவும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. காலையில் இருந்து சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பெரிய பிள்ளைகள் ஐந்து பேர்தான் மிச்சம். அதில் நூறு நாள் வேலைக்குப் போகிற செல்வி அக்காவின் மகளும் ஒருத்தி.

"ஜூன் மாசம் என் பொண்ணு டிசிய குடுத்துடுங்க டீச்சர்" என்று அக்கா சொல்லிவிட்டது. "டவுன் ஸ்கூல்ல சேக்க வசதி இல்ல. வூட்லயே இருக்கட்டும்."

அந்த ஒரு பிள்ளை நின்றால் மற்ற நாலும் நிற்கும் என்று டீச்சர் சொன்னார். தொரை அந்த ஜூன் மாதத்தைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினார். என்னை ஏன் பிடித்தார் என்றால், நான் ஆட்டோக்களுக்குப் பின்னால் பெயர் எழுதிக் கொடுப்பவன். கையில் பிரஷ் இருந்தது.

"சார், நீங்களே ஒரு ஆள வச்சி கட்டிடலாமே?"

"நான் கட்டினா என் கக்கூஸ், தம்பி. நான் ஊருக்குப் போனா அதுவும் போயிடும். உங்க ஊர் கட்டணும்."

ஊர் ஒன்றும் கட்டவில்லை. "வர்றன் வர்றன்" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருத்தரும் வரவில்லை. தொரைக்கு "வர்றன்" என்றால் வருவார்கள் என்று அர்த்தம். பாவம், பள்ளிக்கூட வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் மாரியம்மன் கோயிலில் டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். லைட் முழுக்கச் சிவப்புப் பெயிண்டில் எழுத்து. நடுநடுவே கொஞ்சம் வெளிச்சம்.

"இது என்ன மந்திரம்?"

"மந்திரம் இல்ல சார், உபயம். யாரு வாங்கிக் குடுத்தாங்களோ அவங்க பேரு, அவங்கப்பா பேரு, கட பேரு."

"அப்ப வெளிச்சம்?"

"அது கம்மியாத்தான் வரும். பேரு நல்லா தெரியுது இல்ல?"

தொரை அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் ஊரில் அறிவிப்பு. பள்ளிக்கு யார் ஒரு மணி நேரம் வேலை செய்தாலும், செய்த பொருளிலேயே பேர் எழுதப்படும்.

அதற்கப்புறம் எனக்குச் சவாரி போக நேரமில்லை. பெஞ்சுக்கு ஆணி அடித்தவர், ஜன்னலுக்குக் கொக்கி போட்டவர், வேப்பமரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கரும்பலகைக்குக் கறுப்படித்தது அண்ணன் தம்பி மூன்று பேர். தாத்தா பேரையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்தபோது, டீச்சருக்கு ஒரு முழம் இடம்தான் மிச்சம். இரண்டும் இரண்டும் நாலு என்று எழுதலாம். அதற்குமேல் கணக்கு போட வேண்டுமென்றால் சுவருக்குத்தான் போக வேண்டும்.

கக்கூஸுக்கு மட்டும் ஆள் இல்லை. கதவு செய்த வெல்டிங் கடைக்காரர், ராத்திரியோடு ராத்திரியாக அதை மாட்டிவிட்டு, காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கதவு குடுத்துட்டன்பா. என் பேர மட்டும் அதுல போட்டுடாத. பொண்ணு பாக்க வர்றாங்க." கொத்தனாருக்கு இடுப்புவலி வந்தது. பைப் போடுகிறவர் மாமியார் வீட்டுக்குப் போனார். ஜூனுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அந்த வெறுங்கதவைப் பார்த்துக்கொண்டு தொரை மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கை சும்மா இருக்காது. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், கதவில் பெரிதாக எழுதிவிட்டேன்: "உபயம்: ஒன்னவர் தொரை."

திரும்பி வந்து பார்த்தார். "என்ன எழுதியிருக்கீங்க தம்பி?"

"பெண்கள் மட்டும்னு எழுதியிருக்கு சார்."

"ரொம்ப அழகு" என்றார். பக்கத்தில் நின்று, கதவின் மேல் கையை வைத்து, என்னையே போட்டோ எடுக்கச் சொன்னார். தங்கச்சிக்கு அனுப்பினாராம். ஆட்டோ ஸ்டாண்டில் மூன்று நாள் இதைச் சொல்லியே சிரித்தோம்.

நாலாம் நாள் செல்வி அக்கா டிசிக்கு எழுதிக் கொடுக்க வந்தது. கதவைப் பார்த்தது. நேராக டீக்கடைக்குப் போனது. நானும் அங்கேதான் இருந்தேன்.

"எவன்டா எழுதுனவன்?"

நான் கிளாஸுக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன்.

"எங்கிருந்தோ வந்த மனுஷன், நம்ம பொண்ணுங்களுக்கோசரம் வெயில்ல குந்திகினுகீறாரு. கரும்பலக மேல பேரு போட்டுக்க உங்களுக்கு தாத்தா வர்றாரு. கக்கூஸ் மேல போட அவுரா? எதுக்கு, உங்க வூட்டு பொம்பளைங்க போறது இல்லையா?"

கொத்தனாரின் இடுப்புவலி அங்கேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து குழி எடுத்தார்கள். பைப்காரர் மாமியார் வீட்டிலிருந்து வந்து பைப் போட்டார். சாயங்காலம் குழாயைத் திறந்தபோது தண்ணீர் வந்தது. செல்வி அக்கா என்னைக் கூப்பிட்டது.

"பிரஷ்ஷ எடு. அவுரு பேரு அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ எங்க பேரு எல்லாம் எழுது. புருஷன் பேரு, அப்பன் பேரு எதுவும் வேணாம். எங்க பேரு மட்டும்."

எழுதினேன். ஊரில் அத்தனை உபயத்திலும் பொம்பளை பேர் வந்தது அதுதான் முதல் தடவை. அக்கா தன் பேரின் மேல் விரலை வைத்து, பெயிண்ட் ஒட்டிக்கொள்கிற வரைக்கும் நின்றது. ஜூனில் ஐந்து பிள்ளைகளும் வந்தார்கள்.

தொரையும் வந்தார், ஒன்றாம் வகுப்புக்கு. தமிழ் படிக்க வேண்டுமாம். முட்டி காதைத் தொட, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அ, ஆ எழுதினார். கதவையும் படித்துவிடுவாரே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருநாள் கதவுக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் படிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவன் இரண்டு நாள் ஊர்ப்பக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். உடம்பை மடித்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பெண்கள் மட்டும்" என்றார்.

"சார், அது சும்மா வெளையாட்டுக்கு..."

"அந்தப் போட்டோவ என் தங்கச்சி வீட்ல மாட்டி வச்சிருக்காங்க தம்பி." நிமிர்ந்து சைக்கிளைப் பிடித்தார். "மழை வந்தா பெயிண்ட் போயிடும். வருஷா வருஷம் எழுதுங்க. ஒன் அவர்தான் ஆகும்."

அடுத்த மாதம் விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டார். பிறகு வரவில்லை. முட்டி ஆபரேஷன் என்று டீச்சருக்குப் போன் வந்தது.

ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறப்பதற்கு முன்னால் பிரஷ்ஷோடு போகிறேன். பன்னிரண்டு பேரையும் எழுதிவிட்டுக் கடைசியாக மேலே அவர் பேரை எழுதுவேன். எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்சம் கால் மணி நேரம், வாசலில் அந்த ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். நாய் வந்தால், கொஞ்சம் தள்ளிக்கோங்க என்று சொல்வேன்.