செவிட்டுக் கிண்ணத்துக்கு மூன்று அங்குலம்

இந்தக் குளிர்காலம் செவிட்டுக் கிண்ணத்தின் உச்சியைத் தொடாமல் விடுவதில்லை என்று ஓரின் ஹால்ஸ்டாட் அக்டோபரில் ஒரு காலை, பல் துலக்கும்போது தீர்மானித்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் மனைவியிடம் சொல்ல முடியவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவ்வளவு கூடவா கற்றிருக்க மாட்டார்?

எல்க் பெண்ட் ஊருக்கு நேர் மேலே, மலையின் தோளில் குழிந்து கிடக்கும் வெள்ளைச் சரிவுதான் செவிட்டுக் கிண்ணம். உள்ளே போய், பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியை அணைத்துவிட்டால் காற்றுகூடக் கேட்காது. போன ஜனவரியில் ஓரின் அதில் பாதி ஏறினார். மீதிப் பாதியில் இடுப்பளவு பொடிப்பனி. பனிவண்டி பின்பக்கம் புதைந்து, மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு வெண்டல்தான் மண்வாரியால் தோண்டி மீட்டான். அன்றிலிருந்து தட்டுக் கழுவும்போதெல்லாம் ஓரின் ஜன்னல் வழியே அந்தச் சரிவைப் பார்த்தபடி ஒரே தட்டை மூன்று முறை கழுவுவார். வயது அறுபத்தொன்று. இன்னும் எத்தனை பனிக்காலம் என்று கணக்குப் போட அவருக்குப் பயமாக இருந்தது. அந்த உச்சியில் ஒரு தரம், ஒரே ஒரு தரம் நின்றுவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

குறை வண்டியில் இல்லை, அதன் அடியில் சுற்றும் ரப்பர் பட்டையில் இருந்தது. பட்டையின் பற்கள் இரண்டேகால் அங்குலம். பொடிப்பனியை வாரித் தள்ளி மேலே ஏற மூன்று அங்குலமாவது வேண்டும். ஆனால் பழைய பட்டை கல்லுக்குண்டாக இருந்தது. கெடாத பொருளை மாற்றக் கூடாது என்பது மனைவி மார்லிஸ் போட்ட சட்டம். "அந்தச் சட்டத்துலதான் உன்னையும் வச்சிருக்கேன்" என்பாள்.

ஆகவே பட்டையைக் கெடுப்பது என்று முடிவாயிற்று. வியாழக்கிழமைதோறும் மார்லிஸ் பள்ளத்தாக்குக்கு முழங்கால் பயிற்சிக்குப் போவாள், படியேறக் கஷ்டமாயிருக்கிறது என்று. அப்படி ஒரு வியாழனில் ஓரின் மான் தோலுரிக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்து, பதினொரு பற்களை அறுத்தார்.

மாலையில் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு மார்லிஸ், நம்ம வண்டிக்குப் பல்லு போச்சு."

"வயசானா போகும். எப்படிப் போச்சு?"

"பாறையில இடிச்சிருக்கும்."

"வண்டி ஏப்ரல்லேர்ந்து கொட்டகையில நிக்குது."

"அப்போ இடிச்சது. இப்பதான் தெரியுது."

மார்லிஸ் மடக்கென்று குந்தி உட்கார்ந்து, பல் போன இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். "ம்" என்றாள். முழங்கால் வலிக்காரி இவ்வளவு சுலபமாகக் குந்துகிறாளே என்று ஓரினுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவர் மனசெல்லாம் மூன்று அங்குலத்தில் இருந்தது.

"சரி, மாத்திடு. இதே ரெண்டேகால் போடு."

"அதுலதான் ஒரு யோசனை. மூணு அங்குலம் போட்டா வீட்டுக்கு நல்லது."

"வீட்டுக்கா?"

"ரோடு மூடிட்டா அஞ்சு மைல் சாமான் இழுக்கணும். கேஸ் சிலிண்டர், மாவு மூட்டை, நாய்த்தீனி. புதுப்பனியில சின்னப் பல்லு திணறும். எல்லாம் உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காக."

"பின்ன யாருக்காக?"

"கெட்டிப் பனியில நீளப் பல்லு ஓடினா சூடாயி, பட்டை உரசிக்கிட்டு ஓடற பிளாஸ்டிக் கட்டை உருகும்பாங்களே?"

"மெ... மெதுவா ஓட்டினா உருகாது."

"பல்வரிசை இடைவெளி ஓட்டற சக்கரத்தோட சேரணும். பட்டைக்கு மேல இருக்கற கூண்டுல பல்லு உரசக் கூடாது. அதெல்லாம் பார்த்தியா?"

"உனக்கெப்படி இதெல்லாம் தெரியும்?"

"நீ கக்கூஸ்ல போட்டுட்டு வர்ற புத்தகத்தையெல்லாம் யார் எடுத்து அடுக்கறா?"

எழுந்து கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எனக்காகன்னா சரி, வாங்கு" என்றாள். கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி இருந்தது ஓரினுக்கு.

பட்டை வந்தது. மாட்டுவதற்கு மூன்று நாள் ஆயிற்று. ஓரினின் விரல் முட்டிகள் ஐந்து உரிந்தன. மார்லிஸ் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள். புதுப் பட்டை முதல் ஓட்டத்தில் தளரும், ஓட்டி வந்து மறுபடி இறுக்க வேண்டும் என்று ஓரின் பெரிய மேதாவி மாதிரி விளக்கினார்.

"மொதல் ஓட்டம் யார் ஓட்டணும்னு இருக்கா?"

"யார் ஓட்டினா என்ன, பட்டைக்கு ஆளா தெரியப் போகுது?"

டிசம்பரில் நான்கு நாள் விடாமல் கொட்டியது. பனி படியட்டும் என்று ஓரின் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். சனிக்கிழமை காலைப் பனிச்சரிவு அறிவிப்பில் அபாயம் குறைந்தது என்று வந்தது. தனியாக மலையேறுவது அங்கே யாரும் செய்யாத காரியம். வெண்டலைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார். மார்லிஸ் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். ஊர்க்கூடத்துக் கூரையில் பனி தள்ளும் முறை. ஒவ்வொரு பனிக்கும் இரண்டிரண்டு பேர். இன்றைக்கு ஓரினும் வெண்டலும். முறை எழுதுகிறவள் மார்லிஸ்.

"நாளைக்குத் தள்ளினா ஆகாதா?"

"கூரை விழுந்தா உன் பேரைத்தான் சொல்வாங்க."

தள்ளினார்கள். ஒன்பது மணிக்கு வெண்டல் மண்வாரியை ஊன்றிக்கொண்டு, "ஓரின், மேல பாரு" என்றான். செவிட்டுக் கிண்ணத்தில் இரண்டு புள்ளிகள் ஏறிக்கொண்டிருந்தன. முன்னால் போன புள்ளி, போன ஜனவரியில் ஓரின் புதைந்த இடத்தைச் சட்டை செய்யாமல் தாண்டிற்று.

"மூணு அங்குலம் போட்டிருக்கான்" என்றார் ஓரின். "என்னமா சாய்ச்சு ஓட்டறான் பாரு. கொடுத்து வச்ச பய."

புள்ளி உச்சியில் போய் நின்றது. ஓரின் பெருமூச்சு விட்டுவிட்டுக் கூரையைச் சுரண்டினார்.

வீட்டுக்கு வந்தபோது கொட்டகை திறந்து கிடந்தது. வண்டி இல்லை. சமையலறை மேஜையில் ஒரு சீட்டு, அது பறக்காமல் இருக்க மேலே மான் தோலுரிக்கும் கத்தி. கத்தியின் பிடியோரத்தில் கறுப்பு ரப்பர்த் துணுக்கு ஒட்டியிருந்தது. 'லோர்னாவோடு செவிட்டுக் கிண்ணம் போகிறேன். பீன்ஸைக் கிளறு. அடிப்பிடிக்கக் கூடாது.'

லோர்னா வெண்டலின் மனைவி. சற்று நேரத்தில் வெண்டலே வந்தான், முகம் பேயறைந்த மாதிரி.

"என் வண்டியும் காணோம்" என்றான். "எங்க வீட்லயும் பீன்ஸ்தான்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படிக் கத்துவான்? ஓரின் பீன்ஸைக் கிளறினார்.

மதியத்துக்கு மேல் மார்லிஸ் வந்தாள். புருவத்தில் பனி, கன்னம் இரண்டும் ரத்தச் சிவப்பு. கத்துவதற்கு ஓரின் வாய் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கோ போய்விட்டது. கல்யாணமான புதிதில் அவருக்கு முன்னால் ஏறிப் போய், மேலே நின்று கையாட்டிய முகம் அது.

"முழங்கால்..." என்றார்.

"அதுக்குத்தானே வியாழக்கிழமை வியாழக்கிழமை போனேன்." கையுறையைக் கழற்றி அடுப்போரம் வைத்தாள். "வண்டி வாங்கினதுலேர்ந்து ஒம்பது வருஷமா நீ போயிட்டு வந்து கதை சொன்னே. நான் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். வர்றியான்னு ஒரு தரம் கேட்டியா, ஓரின்?"

ஓரின் கரண்டியைப் பார்த்தார். அது அவர் கையில் இருந்தது.

"எனக்காகத்தான்னு நீ சொன்னப்போ, மனசுல இருக்கறதை எப்படிடா கண்டுபிடிச்சான்னு ஒரு நிமிஷம் உருகிப் போயிட்டேன். அப்புறம்தான் கத்தி கண்ணுல பட்டுது."

ஓரின் தட்டில் பீன்ஸ் போட்டு அவள் முன்னால் வைத்தார். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தார். முடியவில்லை.

"உச்சி எப்படி இருந்துச்சு?"

"நீ சொன்ன மாதிரியேதான். ஒண்ணுமே கேக்கல. உன் குரல்கூட." ஒரு வாய் சாப்பிட்டாள். "பட்டை தளர்ந்திருக்கு, சாப்பிட்டுட்டு இறுக்கி வை. நாளைக்கு லோர்னாவால வர முடியாது. வெண்டல் வண்டியைக் கேட்டு வாங்கிட்டு வா, நீயும் பின்னால வரலாம், பாதி வரைக்கும்."