பச்சை வண்டியா, ஆரஞ்சு வண்டியா

"நீங்களே சொல்லுங்க மாப்ள. பச்சையா, ஆரஞ்சா?"

மாமனார் வீட்டுக் கூடத்தில் சோபாவை ஓரங்கட்டிவிட்டு இரண்டு மலைச் சைக்கிள்கள் நின்றன. குலுக்கலைத் தாங்க முன் சக்கரத்துக்கு ஒரு ஷாக், பின் சக்கரத்துக்கு ஒரு ஷாக் என்று இரண்டுக்கும் ராஜ உபசாரம். பச்சை கொஞ்சம் லேசு, கொஞ்சம் விறைப்பு. ஆரஞ்சு கனம், ஆனால் மெத்தென்று இருக்கும். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று கடைக்காரர் கொடுத்தனுப்பியிருந்தார். பிடித்த வண்டியில் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு, மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து நெடுந்தூரப் பயணம் போவதாகத் திட்டம்.

மாப்பிள்ளை பல் டாக்டர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவன், தன் வாயை மூடத் தெரியாமல் மாட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு முன்னால் முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்த அன்று, "சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று கேட்டார் மாமனார். ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி. கேட்ட தோரணையே விசாரணை மாதிரி இருந்தது. ஞாயிறு தவறாமல் தனியாக மலையேறிவிட்டு, சேறும் சகதியுமாகச் சாயங்காலம் திரும்புகிற மனிதர் என்று அவர் மகள் அவனிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள்.

"சைக்கிள்னா எனக்கு உயிர் சார்," என்று அளந்துவிட்டான். பத்தாம் வகுப்பு டியூஷனோடு சைக்கிளுக்கும் அவனுக்கும் இருந்த உறவு முடிந்துபோயிருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் அவனிடம் பேசியதெல்லாம் "வாங்க", "சாப்டீங்களா", "கிளம்பியாச்சா" இந்த மூன்றும்தான். நாலாவதாக ஒரு வாக்கியம் இந்த சைக்கிள்கள் வந்த பிறகுதான் கிடைத்தது. அதை இழக்க அவனுக்கு மனசே வரவில்லை. அந்த மனிதருக்குத் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று அவன் உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தான்.

"எடுத்த எடுப்பிலே சொல்லிட முடியாது மாமா," என்றான். "ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

நாளைக் கடத்தலாம் என்று கணக்குப் போட்டான்.

"அதுவும் சரிதான். இப்பவே தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

பச்சை வண்டியில் ஏறினான். முதல் ஐம்பது அடி மானம் காத்தது. கியரை மாற்றுவதாக நினைத்து இடது கைப்பக்கம் இருந்த ஒரு விசையை அழுத்தினான். அது சீட்டை இறக்குகிற விசை. சீட் சத்தமில்லாமல் கீழே போக, கூடவே அவனும் போனான். முழங்கால் இரண்டும் காதைத் தொட, வாசலில் நின்ற மாமனாரை அந்தக் கோலத்தில் கடந்தான்.

"என்ன மாப்ள, உக்காந்துட்டீங்க?"

"பள்ளத்துல இறங்கும்போது வண்டி எப்படி நிக்குதுன்னு பாக்கிறேன் மாமா."

"இங்க பள்ளமே இல்லையே."

"அதான், முன்கூட்டியே பாத்துக்கிறேன்."

மாமனார் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு ஆரஞ்சு வண்டியை எடுத்து, அவரும் சீட்டை அடியோடு இறக்கிக்கொண்டு, அதே கோலத்தில் ஒரு சுற்றுப் போய்விட்டு மூச்சு வாங்க வந்து நின்றார்.

"நல்ல சோதனைதான்," என்றார். "நாளைக்குக் காலையில ஏரிக்கரையில ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாத்துடுவோம்."

இரண்டு மணி நேரம் என்றதும் மாப்பிள்ளைக்கு இப்போதே தொடை கடுத்தது. ஏரிக்கரையை எப்படியாவது தட்டிக் கழிக்க வேண்டும்.

"ஏரிக்கரை சமதரை மாமா. நெடுந்தூர வண்டியை மலையில, நெடுந்தூரம் ஓட்டாம என்ன முடிவு சொல்ல முடியும்? அவசரப்படாம அடுத்த மாசம் பாத்துக்கலாமே."

மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எதுக்கு அடுத்த மாசம்? இந்த ஞாயித்துக்கிழமையே போவோம். மலை உச்சி விடுதி வரைக்கும். நாப்பது கிலோமீட்டர் இருக்கும்."

தானாகப் போய்த் தலையைக் கொடுத்தாயிற்று. அன்றிரவு மலைச் சைக்கிள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, காலையில் புதிதாக ஒரு முட்டுக்கட்டையோடு வந்தான்.

"வெறும் வண்டியா ஓட்டினா பிரயோஜனமில்ல மாமா. நெடும்பயணம்னா கூடாரம், துணிமணி, தண்ணி எல்லாத்தையும் கட்டிக்கிட்டுத்தான் போகணும். இதுல பாருங்க, பின் ஷாக் சட்டத்துக்கு நடுவுல வந்து உக்காந்திருக்கு. பை மாட்டவே இடமில்ல. இதுக்குன்னு தச்ச பை கிடைக்கவே மாசக்கணக்காகும்."

"ஆமா ஆமா," என்றார் மாமனார் வழக்கத்துக்கு மாறான உற்சாகத்தோடு. "பை இல்லாமப் போறது சுத்த முட்டாள்தனம். தள்ளிப் போட்டுடலாம்."

சாயங்காலம் அவன் மனைவி கைகொள்ளாத பைகளோடு வந்தாள்.

"கடை கடையா ஏறி இறங்கி வாங்கிட்டேன். சட்டத்துக்கு ஒண்ணு, சீட்டுக்குப் பின்னாடி ஒண்ணு, ஹேண்டில்பாருக்கு ஒண்ணு. ரெண்டு வண்டிக்கும் இருக்கு."

மாமனாரும் மாப்பிள்ளையும் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் உள்ளே போனதும் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அப்பா இதுவரைக்கும் மலைக்கு யாரையும் கூட்டிட்டுப் போனதில்ல. சின்ன வயசுல நான் அழுது புரண்டிருக்கேன், என்னையே கூட்டிட்டுப் போகல. உங்களைக் கூட்டிட்டுப் போறார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

இதற்கு மேல் உண்மையைச் சொல்ல அவனுக்கு எங்கே நாக்கு எழும்? நேரே சைக்கிள் கடைக்கு ஓடினான். மெக்கானிக் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு வண்டியிலயும் ஏதாவது கோளாறு இருக்கா?"

"ஒரு கோளாறும் இல்ல சார். புது வண்டி."

"சின்னதா ஏதாவது?"

"இல்லவே இல்ல சார்."

"இருந்தா நல்லா இருக்குமே," என்றான் மாப்பிள்ளை பரிதாபமாக.

மெக்கானிக் சக்கரத்தை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மலைக்குப் போறீங்களா சார்?"

"ஆமா."

"ஏற முடியாதா?"

"ஆமா."

"இதைச் சொல்ல என்ன கூச்சம்? மேல விடுதிக்கு தினமும் காய்கறி வேன் ஒண்ணு போகுது. காட்டுப் பாதையும் பாறைப் பாதையும் அங்கங்க தார் ரோட்டைத் தொட்டுத்தான் மேல போகும். ஒரு போன் போட்டா வேன்காரர் நின்னு ஏத்திக்குவார். நம்பர் தர்றேன். உங்களை மாதிரி ஆளுங்களாலதான் அவருக்கு வரும்படியே."

போன உயிர் திரும்பி வந்தது. மிச்சம் இருந்த ஒரே சிக்கல் மாமனாரின் கண்கள். ஞாயிறு காலை மலையடிவாரத்தில், பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், அதற்கும் அவன் வழி கண்டுபிடித்தான்.

"மாமா, சேர்ந்து போனா ஒருத்தர் வேகம் இன்னொருத்தரை இழுக்கும். வண்டியோட லட்சணம் தெரியாது. நீங்க ஆரஞ்சுல காட்டுப் பாதையில வாங்க. நான் பச்சையில பாறைப் பாதையில வர்றேன். உச்சியில பாத்துக்கலாம்."

மறுப்பார் என்று பயந்தான். மாமனாரோ அவன் பேசி முடிப்பதற்குள் தலையாட்டினார்.

"பிரமாதமான யோசனை. எனக்காகக் காத்திருக்க வேண்டாம். திரும்பிக்கூடப் பாக்காதீங்க." தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "சைக்கிளைப் பத்தி இவ்வளவு தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுக்கு வந்திருக்கீங்க. எனக்குப் பெருமையா இருக்கு மாப்ள," என்று சொல்லி, ஆரஞ்சு வண்டியில் மரங்களுக்குள் மறைந்தார்.

அந்தத் தட்டு அவன் தோளில் வெகுநேரம் சூடாக இருந்தது. இவரை ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சு உறுத்தியது. வேனை மறந்துவிட்டு உண்மையாகவே ஏறிவிடலாம் என்று முடிவெடுத்தான். அந்த வைராக்கியம் முதல் மேடு வரைக்கும் தாங்கியது. இரண்டாவது மேட்டில் அவன் சைக்கிளைத் தள்ளினான். மூன்றாவது மேட்டில் கூடாரமும் துணிமணியும் தண்ணீரும் சேர்ந்துகொள்ள, சைக்கிள் அவனைக் கீழே தள்ளியது. முன் ஷாக், பின் ஷாக் இரண்டும் எல்லா அதிர்ச்சியையும் தாங்கிக்கொண்டன. ஓட்டுகிறவனுக்குத்தான் ஷாக் எதுவும் பொருத்தப்படவில்லை. தவழாத குறையாகத் தார்ச்சாலைக்கு வந்து போனை எடுத்தான்.

"அண்ணே, சைக்கிளோட நிக்கிறேன். கொஞ்சம் ஏத்திக்கிட்டுப் போங்க. விடுதிக்கு முந்தின வளைவுல இறக்கி விட்டுடுங்க. எங்க மாமனாருக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்."

"கவலையே படாதீங்க சார். வாராவாரம் பண்றதுதானே."

சற்று நேரத்தில் வேன் முக்கி முனகிக்கொண்டு வந்து நின்றது. முன் சீட்டில் முட்டைத் தட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வேன்காரர் இறங்கி வந்து, சைக்கிளை ஒரு கையால் தூக்கி, மேலே தார்ப்பாய் போர்த்திக் கிடந்த ஏதோ ஒன்றுக்குப் பக்கத்தில் கட்டினார்.

"பின்னாடி ஏறிக்குங்க சார். இடுக்கிக்கிட்டுத்தான் உக்காரணும்."

பின்கதவு திறந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கும் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் நடுவில், முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு யாரோ சொகுசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு காலை உள்ளே வைத்தான்.

வேன்காரர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளிப் படுங்க. நீங்க உங்க மாப்பிள்ளைக்குத் தெரியாம மேல போகணும்னு சொன்னீங்கல்ல, அதே மாதிரி இந்த சார் அவரு மாமனாருக்குத் தெரியாமப் போகணுமாம்."