தொட்டுக் காட்டும் மனிதர்

முடிந்த வேலையைத் தொட்டுப் பார்ப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. தைத்து முடித்த சட்டையின் காலரை நீவிவிடுவார்கள், அடித்த பெயின்ட் காய்ந்ததா என்று விரல் வைத்துப் பார்ப்பார்கள், அக்காள் பாடுபட்டுத் தூங்கவைத்த குழந்தையைத் தட்டிக்கொடுத்து எழுப்பிவிடுவார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. தங்கள் கை படாமல் ஒரு காரியம் முடிந்துவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது.

எங்கள் மேலாளர் இந்த இனத்தில் முதல் தரம். பிஸ்கட் பாக்கெட்டின் உள்பக்கம் பளபளக்கிறதே, அந்தத் தாள்தான் எங்கள் பிழைப்பு. பிளாஸ்டிக்கின் மேல் அலுமினியம் பூச வேண்டும். ஆனால் வெறும் பிளாஸ்டிக்கில் அது நிலைக்காது. அதனால் முதலில் பிளாஸ்மா என்கிற மின்னேறிய வாயுவைப் பாய்ச்சி மேற்பரப்பைப் பக்குவப்படுத்துவோம். அதன்பின் யாரும் தொடக்கூடாது. யாரும் என்றால்? தன்னைத் தவிர யாரும் என்று மேலாளர் எடுத்துக்கொண்டார்.

"சார், தொடாதீங்க. கை எண்ணெய் பட்டா பிடிப்பு போயிடும்" என்றார் எந்திரம் ஓட்டும் பொறியாளர் அம்மா.

"ஏம்மா, என் கை என்ன பஜ்ஜி சுட்ட கையா?" என்று கேட்டு, பிஸ்கட் கம்பெனிக்குக் காட்ட வைத்திருந்த மாதிரித் தாளின் நடுவில் கையை விரித்து வைத்து ஆசீர்வதித்தார். தாள் அப்படியே பூச்சுக்குப் போனது.

மறுநாள் பிஸ்கட் கம்பெனி மேடம் டேப்போடு வந்தார். பூச்சின் மேல் அதை ஒட்டி உரிக்கும்போது உலோகம் டேப்பில் ஒட்டிக்கொண்டு வந்தால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லையென்றால் இரண்டாம் ஷிப்டுக்குப் பூட்டு. பொறியாளர் அம்மாவுக்கு அந்த ஷிப்டில்தான் வேலை. மேடம் முதலில் ஓரங்களில் ஒட்டி உரித்தார். அசையவில்லை. அம்மாவுக்கு மூச்சு வந்தது.

மேலாளர் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா?

"நடுவுல ஒட்டிப் பாருங்க மேடம்! அது நானே கையால தடவி அனுப்பினது."

மேடம் அகல டேப்பை ஒட்டி, விசுக்கென்று உரித்தார். டேப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பளபளவென்று ஐந்து விரல். நடுவிரலில் மோதிரத் தடம்கூட இருந்தது.

"யார் கை இது?"

மேலாளர் வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"ஓரம் நல்லா இருக்கு. யாரும் தொடாத ரோல் ஒண்ணு அனுப்புங்க" என்றார் மேடம். மேலாளர் விடுப்பில் போன நாளில் ஒன்றை ஓட்டி அனுப்பினோம். ஆர்டர் வந்தது, ஷிப்ட் பிழைத்தது. எல்லாம் தன் கைராசி என்று மேலாளர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று உங்கள் வீட்டில் யாரோ ஒழுங்காக மாட்டிய படத்தை நேராக்கப் போனீர்களே, அது இப்போது எப்படித் தொங்குகிறது?