பட்டக் குறைவு

தையல்காரர் வீட்டுக் கூரைமேல் மின்கம்பம் ஒன்று சாய்ந்து நின்றது. லேசாகக் காற்றடித்தாலே அவர் மனைவி தையல் மிஷினை எதிர் மூலைக்குத் தள்ளிவிட்டு, புருஷனையும் அங்கேயே உட்காரச் சொல்வாள். பொறுப்புள்ள குடிமகன் என்ற முறையில் அவர் மின் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டார்.

உறை பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. மேலே சிவப்பு முத்திரை: ‘பட்டக் குறைவு.’

நேரில் போனார். தபால் பிரிவு குமாஸ்தா சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைக் காட்டினார்.

“வெறும் ‘அதிகாரி’ன்னு எழுதியிருக்கீங்க. ஐயாவுக்குப் பதினோரு பட்டம். ஒண்ணு விட்டுப்போனாலும் பிரிக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது.”

“கம்பம் தலையில விழப்போகுது சார்!”

“அது உறைக்கு உள்ளே இருக்கிற விஷயம். நான் வெளியே மட்டும்தான் பாப்பேன்.”

பதினொன்றையும் எழுதி அனுப்பினார். அது போய்ச் சேர்வதற்குள் அதிகாரி ‘ஒளிவேந்தர்’ ஆகியிருந்தார். திருத்தி அனுப்பினார். அதற்குள் ‘மின்விசை மாமணி’. பட்டங்கள் பத்தொன்பதானபோது எந்தக் கடை உறையிலும் இடமில்லை. தையல்காரர் ஒரு கெஜத் துணியில் தானே உறை தைத்து, அத்தனை பட்டங்களையும் பட்டுநூலில் எம்பிராய்டரி போட்டுக் கொண்டுபோனார்.

குமாஸ்தா அதைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“அனுப்புநர்னு வெறும் ‘தையல்காரர்’ போட்டிருக்கே? ஒரு பட்டமும் இல்லாத ஆள் எழுதினா ஐயாவுக்குத்தானே கௌரவக் குறைச்சல்?”

அன்றே தெருக்கூட்டம் கூடி அவருக்கு ‘ஊசிமுனைச் செம்மல்’, ‘தெருக்காவலர்’ என்று இரண்டு பட்டம் வழங்கியது. யாரும் ஆட்சேபிக்கவில்லை, கையோடு கையாக ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

நாலாம் நாள் ஒரு தபால் அட்டை வந்தது. மனைவி வாங்கிப் படித்தாள்.

“ஏங்க, கம்பத்தை மாத்த நாளைக்கே வர்றாங்களாம்! சம்மதம்னு கையெழுத்துப் போட்டு இன்னைக்கே அனுப்பணுமாம்!”

செம்மல் அட்டையைத் திருப்பினார். ‘தையல்காரர், நாலாவது வீடு.’ அவ்வளவுதான். முகம் சிவந்துவிட்டது.

“என்னை யாருன்னு நெனச்சான்?”

“கையெழுத்தைப் போடுங்க, புண்ணியமாப் போகும்!”

அவர் சிவப்பு மையால் ‘பட்டக் குறைவு’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். தெருவே பூரித்துப் போனது. மறுநாள் மாலை அவர் வீட்டு வாசலிலேயே பாராட்டு விழா. பேனரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும், மறுமுனையை அந்த மின்கம்பத்திலும் இழுத்துக் கட்டினார்கள். காற்று கிளம்பியது. பேனர் உப்பியது. மிஷினைத் தள்ளிவிட்டு மனைவி வாசலுக்கு ஓடிவந்தாள்.

“எல்லாரும் எழுந்திருங்க! கம்பம்...”

விழாத் தலைவர் கையை உயர்த்தினார். “அம்மா, மேடையில இருக்கிறவங்களை முறைப்படி விளிச்சிட்டு அப்புறம் பேசுங்க.”

மேடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். மூன்றாவது ஆள் வரைக்கும்தான் வர முடிந்தது.